ஐந்து இதய அச்சு: ஜெர்மன் வாஃபிள் மேக்கர் நம்ம ஊர் அடுக்களைக்குத் தோதுப்படுமா?

வாஃபிள் மேக்கர் வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை ஒன்றுதான்: "மொறுமொறுன்னு வரல, எடுத்தா தொங்குது." இதய அச்சுள்ள ஜெர்மன் கருவியைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. ஐஸ்கிரீமும் சாக்லேட் சிரப்புமாகக் கடைகளில் விற்கிற தடித்த சதுர வாஃபிள் பெல்ஜியம் வழி வந்தது. அதற்கு ஆழமான குழி, மொறுமொறுப்பான மேல்தோல். ஜெர்மன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரக் காப்பியோடு சுடுகிற வாஃபிள் வேறு சாதி. ஐந்து இதயங்கள் நுனியோடு நுனி சேர்ந்து ஒரு பூ மாதிரி இருக்கும். தடிமன் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்ந்து, ருசியில் கேக்குக்குப் பக்கத்தில் நிற்கும் பண்டம் அது. ஓரம் லேசாகக் கரகரக்கும், நடு மெத்தென்று இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கருவி நல்ல கருவி. சதுர வாஃபிளை மனதில் வைத்து வாங்குகிறவர்களுக்கு வீண் செலவு.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது சாண்ட்விச், கிரில், வாஃபிள் என்று மூன்று தட்டும் மாற்றி மாட்டுகிற கருவிதான். அதன் சக்தி 700 அல்லது 750 வாட். அதில் வாஃபிள் வராது என்றில்லை, ஆனால் ஜெர்மன் மாவுக்கு அது போதாது. வெண்ணெய் நிறைந்த கனத்த மாவு தட்டில் விழுந்ததும் தட்டின் சூட்டை உறிஞ்சிவிடும். சக்தி குறைந்த கருவி அந்தச் சூட்டை மீட்டெடுக்கவே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மாவு வேகாமல் ஆவியில் அவிந்து, வெளிறிப்போய், இட்லிக்கும் கேக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்து சேரும். இதய அச்சுக்கென்றே செய்த கருவிகள் 1000 முதல் 1200 வாட் வரை இருக்கும். வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியின் மேல் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருப்பது கட்டாயம். ஒரே சூட்டில் ஓடும் கருவியில் சீனி அதிகமுள்ள மாவு கருகும், சீனி குறைந்த மாவு வெளிறும். அடுத்ததாக மூடியின் கீலைப் பார்க்க வேண்டும். நல்ல கருவியில் மேல்தட்டு கொஞ்சம் மிதக்கும். மாவு உப்பும்போது கீல் ஒரு பக்கம் உயர்ந்து இடம் கொடுக்கும். கீல் இறுக்கமாக இருந்தால் மாவு முன்பக்கமாகப் பிதுங்கி வழியும், வாஃபிளும் கீல் பக்கம் மெலிந்து கைப்பிடிப் பக்கம் தடித்து வரும். இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டுத் தாளைத் தட்டுகளுக்கு நடுவில் விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், அல்லது ஒரே மாதிரி வழுக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அந்தப் பீஸை வைத்துவிட்டு வேறொன்று கேளுங்கள். விளிம்பைச் சுற்றி வழிந்த மாவைப் பிடிக்கும் பள்ளம் இருந்தால் மேடை நாசமாகாது. தட்டுகள் கழற்றும்படி இருந்தால் நல்லதுதான், ஆனால் இதய அச்சுக் கருவிகளில் பெரும்பாலும் தட்டு நிலையாகவே இருக்கும். அதற்காக ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை, கழுவும் முறை தெரிந்தால் போதும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கருவி வருகிற இன்னொரு வழி, வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களின் பெட்டி. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்தே அசல் கருவியைக் கொண்டு வருகிறார்கள். மின்சாரம் ஒத்துப்போகும்: அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒத்துப்போகாதது பிளக். ஜெர்மன் பிளக்கில் இரண்டு உருண்டை முள் மட்டும் இருக்கும்; எர்த் அதன் பக்கவாட்டில் உள்ள உலோகப் பட்டையில் வரும். நம்ம வீட்டு சாக்கெட்டில் அதை அழுத்திச் செருகினால் ஒருவேளை உள்ளே போகும், கருவியும் ஓடும். ஆனால் எர்த் சேராது. உலோகத் தட்டும் ஈரக் கையும் சேருகிற இடத்தில் எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் மூன்று முள் பிளக் மாற்றுங்கள், பத்து நிமிட வேலை. 1200 வாட் கருவி 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் மிக்ஸி மாட்டும் சின்ன சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ அரை மணி நேரம் ஓட்ட வேண்டாம். கிரைண்டர், ஹீட்டருக்குப் போட்ட பவர் பாயின்ட்தான் இதற்குச் சரி. இன்வெர்ட்டரில் இது ஓடாது, ஓட்டவும் கூடாது.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற பகுதியில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1200 வாட் தரும் கருவி 200 வோல்ட்டில் சுமார் 900 வாட்தான் தரும். 1000 வாட் கருவி 750க்கு இறங்கிவிடும். நேற்று நன்றாக வந்த வாஃபிள் இன்று வெளிறிப்போனதற்கு மாவைக் குறை சொல்வதற்கு முன்னால் பல்பு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். செலவு பயப்படும்படி இல்லை. பத்து வாஃபிள் சுட்டு முடிக்க முக்கால் யூனிட்டைத் தாண்டாது.

கேஸ் அடுப்பில் வைக்கும் நீளக் கைப்பிடி அச்சும் கிடைக்கிறது. மின்சாரம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக அப்படித்தான் சுட்டார்கள். நடுத்தரத் தீ, இரண்டு பக்கமும் நன்றாகச் சூடேற்றி, மாவு ஊற்றிய ஒரு நிமிடத்தில் திருப்ப வேண்டும். கைப்பழக்கம் வந்துவிட்டால் மின்கருவியை விட நல்ல நிறம் வரும். ஆனால் முதல் நாலைந்து நாள் கருகலும் வேகாததுமாகத்தான் வரும். பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது.

இனி மாவு. இந்தக் கருவி நல்லதா கெட்டதா என்பதில் பாதி, மாவு கரைக்கிற கையில் இருக்கிறது. ஜெர்மன் அடுக்களையின் அடிப்படை அளவு இது: வெண்ணெய் 125 கிராம், சீனி 100 கிராம், வெனிலா சீனி ஒரு பொட்டலம், முட்டை 3, மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, பால் 200 முதல் 250 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. விருப்பமிருந்தால் ஒரு எலுமிச்சையின் மேல்தோலைத் துருவிச் சேர்க்கலாம்; மஞ்சள் தோல் மட்டும், வெள்ளை வந்தால் கசக்கும். அவர்களுடைய வெனிலா சீனிப் பொட்டலம் 8 கிராம். நாம் இரண்டு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸும் போட்டால் அதற்கு ஈடு. அவர்கள் 405 என்று எண் போட்டு விற்கிற வெள்ளைக் கோதுமை மாவுக்கு நம்ம மைதா ஏறக்குறைய சமம், மாற்றிக் குழப்ப வேண்டாம். இந்த அளவில் எட்டு முதல் பத்து வாஃபிள் கிடைக்கும்.

அளவை அப்படியே எடுக்கலாம், முறையை அப்படியே எடுக்க முடியாது. காரணம் நம்ம சூடும் ஈரமும். ஜெர்மன் குறிப்பில் "வெண்ணெய் அறைச் சூட்டில் இளகியிருக்க வேண்டும்" என்று இருக்கும். அவர்களுடைய அறை 20 டிகிரி. நம்ம அடுக்களை 30 டிகிரி. இங்கே வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியில் வைத்தால் அது இளகாது, உருகும். உருகின வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. எவ்வளவு அடித்தாலும் பளபளவென்று எண்ணெயாகக் கிடக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் நெய்ப்பசை ஒட்டக்கூடாது. அதுதான் பதம். முட்டைக்கு இது நேர்மாறு. குளிர்ந்த முட்டையை உடைத்து ஊற்றினால் வெண்ணெய் திரிந்து மோர் மாதிரி ஆகிவிடும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். உப்பு வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

சீனி இன்னொரு இடறல். நம்ம கடைச் சீனி பெரும் பரல், வெண்ணெயில் கரையாது. கரையாத பரல் சூட்டுத் தட்டில் பட்டு உருகிக் கருகும். வாஃபிள் அந்த இடத்தில்தான் ஒட்டிப் பிடிக்கும். மிக்ஸியில் பொடித்துப் போடுங்கள். கருப்பட்டி போட்டால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். போடலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நன்றாகக் காய்ந்த கருப்பட்டியாகப் பார்த்து, சலித்துப் போட வேண்டும். கருப்பட்டிக்கு ஈரமும் அதிகம், சீக்கிரம் கருகும் குணமும் அதிகம். சூட்டுத் திருகை ஒரு எண் குறைத்து வைக்க வேண்டும்.

வெண்ணெயும் சீனியும் நாலைந்து நிமிடம் அடித்தால் மஞ்சள் வெளுத்துப் பொங்கி வரும். முட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் அடியுங்கள். திரிகிற மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மைதா சேர்த்தால் கூடிக்கொள்ளும். பேக்கிங் பவுடரை மைதாவோடு சேர்த்துச் சலித்து, மாவு கொஞ்சம் பால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஊற்றி, கட்டி மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் பசை இறுகி வாஃபிள் ரப்பர் ஷீட் மாதிரி வரும். பாலை முதலில் 200 மில்லி மட்டும் ஊற்றிப் பதம் பார்க்கவும். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் ஆப்ப மாவு போல ஒழுகக் கூடாது. இட்லி மாவு போலக் கனத்து, அறுந்து அறுந்து விழ வேண்டும். மூடி 15 நிமிடம் வையுங்கள். மைதா பாலைக் குடித்து இன்னும் கொஞ்சம் இறுகும், மீதிப் பாலை அப்போது சேர்க்கலாம்.

பேக்கிங் பவுடரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாஃபிள் கெட்டுப்போவது பல நேரம் இதனால்தான். பலசரக்குக் கடையில் கேட்டால் சில இடத்தில் ஆப்ப சோடாவை எடுத்துத் தருவார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆப்ப சோடா மூன்று நாலு மடங்கு வீரியம். ஒரு தேக்கரண்டி பவுடருக்குப் பதில் ஒரு தேக்கரண்டி சோடா விழுந்தால் வாஃபிள் கரும்பழுப்பாகி, சோப்பு ருசி அடிக்கும். சரியான பவுடரே வாங்கினாலும் நம்ம கடற்கரைக் காற்றில் டப்பா திறந்த சில வாரத்தில் செத்துவிடும். அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஓரம் இன்னும் கரகரப்பாக வேண்டுமென்றால் 250 கிராம் மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு கார்ன்ஃப்ளவர் போடுங்கள். ஜெர்மன் வீடுகளிலும் செய்வதுதான். பாலில் 50 மில்லி குறைத்து, சுடுவதற்குச் சற்று முன் சோடாத் தண்ணீர் ஊற்றுவதும் அங்கே வழக்கம். நம்ம ஊரில் குடிக்கிற, இனிப்புச் சேராத வெறும் சோடா போதும், மாவு லேசாகும். கோதுமை மாவு மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம், பால் இரண்டு மூன்று கரண்டி கூடுதலாகக் குடிக்கும். வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் 100 கிராம் போதும். நெய்யில் தண்ணீர் இல்லாததால் அளவு குறைகிறது. ஆனால் நெய் வெண்ணெய் போலப் பொங்காது, வாஃபிள் கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கும். வெண்ணெயையே குறைத்தால் ஆரோக்கியம் என்று நினைத்து 60 கிராம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது தோசைக்கல் அப்பம், வாஃபிள் அல்ல. ஒன்று குறைவாகச் சாப்பிடுங்கள், வெண்ணெயைக் குறைக்காதீர்கள்.

புதுத் தட்டைப் பழக்குவது நம்ம அடுக்களைக்குப் புதிதில்லை. கிறிஸ்துமஸுக்கு அச்சப்பம் சுடுகிற வீடுகளில் புது அச்சை எண்ணெயில் ஊற வைத்துப் பழக்காமல் மாவில் முக்கமாட்டார்கள். இதிலும் அதே புத்திதான். ஈரத்துணியால் துடைத்து, வெறுமனே பத்து நிமிடம் சூடேற்றுங்கள். லேசாகப் புகையும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். பிறகு பிரஷ்ஷால் நெய் அல்லது தேங்காய் எண்ணெய் மெல்லியதாகப் பூசி இரண்டு வாஃபிள் சுட்டு, அவற்றைத் தின்னாமல் ஒதுக்கிவிடுங்கள். வெண்ணெயைத் தட்டில் தடவ வேண்டாம். அதிலுள்ள பால் கசடு கருகி, குழிகளில் கறுப்பாகப் படியும். ஸ்ப்ரே டப்பா எண்ணெய் அதைவிட மோசம். தட்டில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு, நான்-ஸ்டிக் பூச்சையே ஒட்டும் தட்டாக மாற்றிவிடும்.

சுடும்போது சூட்டுத் திருகை நடுவுக்குச் சற்று மேல் வைத்து, விளக்கு மாறிய பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள். விளக்கு சொல்வது தட்டின் ஒரு புள்ளியில் உள்ள சூடு, ஓரங்கள் இன்னும் ஏறியிருக்காது. ஒரு சின்னக் குழிக்கரண்டி, சுமார் 80 மில்லி, நடுவில் ஊற்றினால் போதும். ஓரம் வரை பரப்ப வேண்டாம். மூடி அழுத்தும்போது மாவு தானே இதயங்களின் நுனிக்கு ஓடும். மூடியதும் முதலில் ஆவி பக்கவாட்டில் சீறிக்கொண்டு வரும். ஒரு நிமிடம் கழிந்ததும் சீறல் தணிந்து, வெண்ணெய் வறுபடும் மணம் வரும். இரண்டரை நிமிடத்தில் ஆவி நூல் போல மெலியும். அதுதான் திறக்கும் நேரம். மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்தால் இழுபடுகிறது, எதிர்க்கிறது என்றால் இன்னும் வேகவில்லை; விட்டுவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். ஆவி பொங்கும்போதே ஆவலில் திறந்தவர்களின் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, மேல்பாதி மேல்தட்டிலும் கீழ்ப்பாதி கீழ்த்தட்டிலும் உட்கார்ந்திருக்கும். வாஃபிள் ஒட்டுவதற்கு இதுதான் முதல் காரணம். அடுத்த காரணம் பழைய சீனிக் கறை, அதற்கடுத்தது சூடேறாத தட்டு.

எடுத்த வாஃபிளைக் கம்பிச் சட்டத்தில் வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அடுக்கினால் அடியிலுள்ளது ஆவியில் நனைந்து துவண்டு போகும். நம்ம ஈரக் காற்றில் எப்படி வைத்தாலும் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கரகர ஓரம் போய்விடும் என்பதால், சுடச்சுடத் தின்பதே நல்லது. மிஞ்சியதை ஆறவிட்டு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், டோஸ்டரில் ஒரு நிமிடம் காட்டினால் பழைய பதம் திரும்பும்.

மேலே என்ன போடுவது என்பதில் ஜெர்மானியர்களுக்குள்ளேயே வட்டாரப் பழக்கம் உண்டு. எளியது, பொடித்த சீனி தூவுவது. அதிகம் பேர் விரும்புவது சூடான புளிப்புச் செர்ரியும் அடித்த கிரீமும். கொலோனுக்கும் டுசல்டார்ஃபுக்கும் கிழக்கே, சோலிங்கன், வுப்பர்டால் ஊர்களைச் சுற்றியுள்ள பெர்கிஷஸ் லாண்ட் பகுதியில் செர்ரியோடு பாலில் வெந்த சோறும் சேரும். அங்கே இது தனித் தின்பண்டம் இல்லை, ஒரு பந்தி. உலர் திராட்சை ரொட்டி, கறுப்பு ரொட்டி, வெண்ணெய், தேன், பாலாடைக்கட்டி எல்லாம் பரப்பி, மூன்று கால் கொண்ட வெள்ளீயக் கலவைப் பாத்திரத்தின் அடியில் உள்ள குழாயைத் திருகிக் காப்பி பிடித்துக் குடிப்பார்கள். அந்தப் பந்தியின் நடுநாயகம் வாஃபிள்.

பால்சோறு நாஞ்சில் நாட்டு அடுக்களைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பாலுக்கு 250 கிராம் குட்டைப் பச்சரிசி, மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சிறு தீயில் அரை மணி நேரம் கிளறி வேகவிட்டால் முடிந்தது. பால் பாயசத்தைவிடக் கெட்டியாக, கரண்டியில் நிற்க வேண்டும். பாஸ்மதி வேண்டாம், குழையாது. மேலே பட்டைத்தூளும் சீனியும்.

செர்ரிதான் இங்கே சிக்கல். பேக்கரி சாமான் கடையில் செர்ரி என்று விற்கிற சிவப்பு உருண்டை பல நேரம் சாயமேற்றிச் சீனிப்பாகில் ஊறிய களாக்காய். வாஃபிள் ஏற்கெனவே இனிப்பு, அதன்மேல் இதுவும் இனிப்பு; திகட்டிவிடும். அங்கே செர்ரியின் வேலையே வெண்ணெயின் கொழுப்பைப் புளிப்பால் அறுப்பது. அந்த வேலையை இங்கே அன்னாசி நன்றாகச் செய்கிறது. ரப்பர் தோட்ட ஊடுபயிராக விளைகிற பழத்தைப் பொடியாக நறுக்கி 400 கிராம், 100 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு கிராம்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். நம்ம மாவட்டக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஒன்றே போதும், இரண்டு போட்டால் பல்பொடி மணம் வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, பளபளவென்று திரண்டதும் இறக்கி அரை எலுமிச்சை பிழியுங்கள். சூடாகவே ஊற்றிப் பரிமாறுங்கள். செர்ரி ருசி வராது, ஆனால் தட்டில் சமநிலை வந்துவிடும்.

கிரீம் வாங்கும்போது பெட்டியில் கொழுப்பு அளவைப் பாருங்கள். சின்னப் பெட்டியில் வருகிற சாதாரண ஃப்ரெஷ் கிரீம் 25 சதவீதம், அதை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 35 சதவீதக் கிரீம் வேண்டும். பாத்திரத்தையும் அடிக்கும் கம்பியையும் கூட ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து அடிக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் கிரீம் இல்லாமலே சாப்பிடுங்கள். எண்ணெயில் செய்து இனிப்புப் போட்ட விப்பிங் கிரீம் இந்த வாஃபிளின் வெண்ணெய் ருசியை மூடிவிடும்.

மட்டி வாழைப்பழம் மேலே நறுக்கிப் போட அருமையான பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மட்டிதான். மாவுக்குள் பிசைந்து போட மட்டும் வேண்டாம். பழச்சீனி தட்டில் ஒட்டும், நடுவும் வேகாமல் களியாகிவிடும். தேன் என்றால் மார்த்தாண்டம் தேன். ரப்பர் தளிர்விடும் மாதங்களில் இலைக்காம்பில் சுரப்பதைத் தேனீ எடுத்துச் சேர்ப்பதால் வருகிற தேன் அதில் பெரும்பங்கு. ஜெர்மன் மொழியில் வாஃபிள் என்ற சொல்லும் தேனடையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. குழி குழியாக இருக்கிற வாஃபிளில் தேன் ஊற்றும்போது அந்தப் பெயர்ப் பொருத்தம் கண்ணுக்கே தெரியும். வாஃபிளை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் தேன் குழியில் தங்கும். சுடச்சுட ஊற்றினால் இளகி வழிந்து தட்டுக்குப் போய்விடும்.

கழுவும் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பிளக்கை உருவி, தட்டு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முழுக்க ஆறவிட்டால் சீனி கல்லாகிவிடும். குழியில் ஒட்டியதை மூங்கில் குச்சியால் நெம்பலாம், கம்பி நாரும் கத்தியும் கிட்டவே வரக்கூடாது. பழைய கறை என்றால் நனைத்த துணியை மடித்து, இளஞ்சூட்டுத் தட்டுகளுக்கு நடுவில் பத்து நிமிடம் வைத்தால் ஊறி வந்துவிடும். கருவியைக் குழாயடியில் காட்டினால் அன்றோடு சரி.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோர வீடுகளில் கீலின் திருகாணிதான் முதலில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எடுத்து வைக்கும்போது தட்டுகளுக்கு நடுவில் ஒரு மடிப்புச் சமையல் தாள் வைத்து, துணிப்பையில் போட்டு, மேல் அலமாரியில் வையுங்கள். வெண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் எறும்பு வயர் துளை வழியாக உள்ளே குடியேறிவிடும். அடுத்த முறை சூடேற்றும்போது வருகிற கருகல் நாற்றத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும்.